பேட்ஜ் அடித்த கதவு

காக்ஸ் டவுனில் அந்த ஓட்டு வீட்டை இடிக்கப் போன காலையில் நல்ல வெயில். இடிக்கிற வீட்டில் முதலில் கதவு, ஜன்னலைத்தான் கழற்றுவோம். வாசல் கதவில் கை வைத்ததும் குறுக்கே வந்து நின்றார், பிறந்ததிலிருந்து அங்கேயே வாடகைக்கு இருந்த நோராம்மா. எண்பது தாண்டியவர்.

கதவின் நடுவே ஒரு பட்டாளத்து பேட்ஜ். புளி போட்டுத் தேய்த்த பித்தளை மினுங்கியது.

"எங்கப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளம், தம்பி. பர்மா சண்டையில ஆத்துக்குப் பாலம் போடப் போனவர் திரும்பல. செத்தார்னும் தகவல் இல்ல. அவர் போனப்புறம்தான் அம்மா இந்த வீட்டுக்கு வந்தாங்க. தேடி வந்தா அடையாளம் தெரியணுமேன்னு, அவர் விட்டுப்போன பேட்ஜை அடிச்சு வெச்சாங்க."

"இத்தன வருஷமா கொசுதானம்மா தேடி வந்துச்சு?" என்று சிரித்தார் மேஸ்திரி.

நோராம்மா சிரிக்கவில்லை.

பேட்ஜை மட்டும் கழற்றிக் கொடுக்கப் பார்த்தேன்; துருப்பிடித்த ஆணி அசையவில்லை. பேட்ஜோடு கதவையே லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி, விவேக் நகரில் அவர் குடிபோகும் ஒற்றை அறைக்குக் கொண்டுபோனேன். மாட்ட இடமில்லை. சுவரில் சாய்த்தேன். தோள் விட்டுப்போயிற்று.

நோராம்மா டீ கொடுத்தார். ஒரு வாய் குடித்திருப்பேன். ஆற்றுச் சேற்று வாடை வந்தது.

டொக். டொக்.

கதவுக்குப் பின்னாலிருந்து.

அங்கே சுவர்தான் இருந்தது.

"ஜோசஃபின்..." நடந்து களைத்த ஆண் குரல்.

"எங்கம்மா பேரு," என்றார் நோராம்மா. கதவில் முகத்தை வைத்தார். "அப்பா, நான் நோரா. உங்க பொண்ணு."



பூட்ஸ் கால் ஒன்று திரும்பியது. மெல்ல விலகிப் போனது.

"நான் வயித்துல இருக்கேன்னு தெரியறதுக்கு முன்னாடியே போனவர்," என்று என்னிடம் கிசுகிசுத்தார். "நோரான்னா யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

கால் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. நோராம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பேட்ஜின் மேல் கை வைத்தார். குரலை இளசாக்கிக்கொண்டார்.

"ஜோசஃபின்தாங்க. உள்ள வாங்க."

சத்தம் நின்றது.

கதவை இழுத்துப் பார்த்தேன். வெறும் சுவர். ஆனால் தரையில் சேறு படிந்த பூட்ஸ் தடம், கதவிலிருந்து நோராம்மாவின் நாற்காலி வரை. திரும்பிப் போன தடம் இல்லை.

அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போனேன். "நோரா..." என்று வாயெடுத்தேன்.

அவசரமாக உதட்டில் விரல் வைத்தார்.

நாற்காலிக்குப் பக்கத்தில் சேறு இன்னும் காயவில்லை.