லியோன் மனசில் வைத்திருந்த பெயர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, பின்னால் நிற்பவர்களுக்கும் இடம் விடுங்கள். மனிதர்கள் கடலுக்கு அடியில் வேலைக்குப் போகும் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன். நடுவில் மனசு கனத்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் விளக்கு வைக்கும் நேரமானால் வீட்டுக்கு வீடு மடிக்கணினி திறக்கும். ஆண்கள் வலை வீசுவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மூழ்குகலத்தில் இறங்கி, ஆழ்கூடம் என்ற இரும்பு வீட்டில் தங்கி, கடல் தரையில் கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ளுவது அவர்கள் வேலை. இறங்கினால் மேலே வர ஒன்றரை வருஷம் ஆகும். அதனால் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே மடிக்கணினியை வைத்து, திரையில் தெரியும் முகத்தோடு பேசிக்கொண்டே சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

ஜெசிந்தாவும் தன் கணவன் லியோனோடு அப்படித்தான் சாப்பிடுவாள். அவன் இறங்கும்போது அவள் வயிற்றில் பிள்ளை. "பேரு நான் மனசுல வச்சிருக்கேன். பிள்ள பெறந்ததும் சொல்லுதேன், அதுவரைக்கும் கேக்கக் கூடாது" என்று சிரித்துவிட்டுப் போனவன். பெண் பிறந்தது. கேட்கும்போதெல்லாம், "நீயே வையி ஜெசி, ஒன் இஷ்டம்" என்கிறான். அவன் வாயால் வரட்டும் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். இனித் தள்ள முடியாது, நாளைக் காலையில் கோயிலுக்குப் போக வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து மடிக்கணினி நகர மறுத்தது. பிள்ளை பிறந்த காலத்திலிருந்தே வைஃபை மந்தம்தான். அன்று பிள்ளையின் புதுச் சட்டைப் படம்கூடப் போகாமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. லியோனின் தங்கை அமலி, பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே வந்து பார்த்தாள்.

"வைஃபை அலைப்பெட்டியக் கொண்டுபோயி பீரோவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கிய மைனி. அது என்ன நகையா?"

"பிள்ளைக்குக் கை எட்டுதுல்லா."

"இப்பம் ஒங்க லேப்டாப்புக்கே எட்டல."

அலைப்பெட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். அணைத்தாள், கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். மாற்றமில்லை. திறந்து கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"ஒரு கவுனுக்கு இத்தன கடையா தொறந்து வச்சிருக்கிய? அண்ணன் வரட்டும், சொல்லிப் போடுதேன்."

"சொல்லு. அதுக்கும் ஒன் இஷ்டம்னுதான் சொல்லுவாக" என்றாள் ஜெசிந்தா. சிரிக்கவில்லை.

அக்கம்பக்கத்தில் யாராவது அலையை உறிஞ்சுகிறார்களோ என்று கடவுச்சொல்லையும் மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் இல்லை. கடைசியில், எந்தச் செயலி எவ்வளவு அலை எடுக்கிறது என்று காட்டும் பக்கத்தை அமலி திறந்தாள்.

"மைனி, முழுசையும் ஒண்ணே தின்னுட்டுக் கெடக்கு."

"எது?"

"நிரப்பி."

நிரப்பி எந்த வீட்டில்தான் இல்லை. ஆழத்திலிருந்து வரும் பேச்சு அறுந்து அறுந்து வரும். அறுந்த இடத்தை ஒட்டுவதற்காக வந்தது அது. ஒருவர் முன்பு பேசியதையெல்லாம் எங்கோ ஒரு தரவுக்கூடம் சேர்த்து வைத்திருக்கும். அதிலிருந்து அவர் குரலிலேயே, அவர் முகத்தோடே, அவர் சொல்லக்கூடியதையே கொண்டுவந்து ஒட்டும். ஒட்டியது தெரியாது. வழக்கமாக அதற்குத் துளி அலை போதும்.

"கொஞ்ச நேரம் நிறுத்திப் போடுதேன். அண்ணன் கொரல் கரகரன்னு வந்தாலும் நேரா வரும். பேரக் கேட்டுட்டு மறுபடியும் போட்டுக்கிடலாம்."

லியோன் திரையில் வந்தான். "என்ன ஜெசி, சாப்ட்டியா?" என்றான். அமலி நிரப்பியை நிறுத்தினாள். முகம் போயிற்று. கரகரப்புக்கூட வரவில்லை.

"லைன் போயிட்டோ?"

"லைன் இருக்கு மைனி." ஆழ்கூடத்தின் பச்சை விளக்கு திரை ஓரத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுபடி போட்டாள். "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றான் லியோன். நிறுத்தினாள். ஒன்றுமில்லை.

அடுத்த வீட்டுப் பிலோமியின் கணவன் கஸ்பாரும் அதே கூடத்தில்தான் வேலை செய்தான். இருவரும் அங்கே ஓடினார்கள். பிலோமி தட்டுக்கு முன்னால் கஸ்பாரோடு பேசிக்கொண்டிருந்தாள். அமலி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிரப்பியை நிறுத்தினாள். கஸ்பாரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, ஆனால் போகவில்லை. குரல் இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது.

ஜெசிந்தா திரையருகே குனிந்தாள். "அண்ணே, நான் ஜெசிந்தா. அவுகளக் கொஞ்சம் கூப்பிடுங்க. பிள்ளைக்குப் பேரு கேக்கணும்."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "என்ன தாயி சொல்லுத… நான் அன்னைக்கே பிலோமிகிட்ட அழுது சொன்னேனே… தூண் சரிஞ்சு… லியோன்… ஒனக்குப் பிள்ள பெறக்கதுக்கு முந்தியே…"

பிலோமி கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். "எல்லாரும் சொகமா இருக்கோம்னுதான நீங்க எங்கிட்ட சொன்னிய" என்றாள், மெதுவாக.

அழும் குரல் அறுந்திருக்கும். அறுந்த இடத்தில், அவன் எப்போதும் சொல்வதை நிரப்பி வைத்துவிட்டது. கூடத்திலிருந்து கரை அலுவலகத்துக்குப் போன சேதியும் அதே வழியில்தான் போனது. அங்கேயும் எல்லாரும் சுகம் என்றே போய்ச் சேர்ந்தது. லியோன் பக்கம் முழுவதுமே அறுந்துபோனதால் அவன் பேச்சு அவ்வளவையும் நிரப்பியே பேசியது, அதனால்தான் அத்தனை அலை தின்றது.

கூடவே சாப்பிட்டவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். தொலைவில் இருப்பவரோடு நாம் என்ன பேசுகிறோம் கண்ணுகளா? சாப்பிட்டாயா, தூங்கினாயா, என்ன குழம்பு, உடம்பைப் பார்த்துக்கொள். நம் பிரியம் முழுவதையும் இந்த நாலு வார்த்தைக்குள்தான் பொதிந்து கொடுக்கிறோம். நிரப்பி அவற்றைச் சுலபமாகக் கற்றுக்கொண்டது. பிள்ளையின் பெயர் மட்டும் அதற்குத் தெரியவில்லை. அவன் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லையே.

வீட்டுக்குத் திரும்பியபோது, நிரப்பி நின்றிருந்ததால் மடிக்கணினி வேகமெடுத்துப் பறந்தது. சிக்கி நின்ற படங்கள் எல்லாம் ஒரே நொடியில் கீழே போய்ச் சேர்ந்தன. ஜெசிந்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிரப்பியைப் போட்டாள்.

"சாப்ட்டியா ஜெசி?"

"சாப்ட்டேன்" என்றாள். தட்டு அப்படியே இருந்தது. "நீங்க சாப்ட்டீயளா?"

"ஆச்சு. ஒடம்பப் பாத்துக்கோ."

"சரி" என்று சொல்லி, தன் விரலாலேயே அதை நிறுத்தினாள்.

மறுநாள் கோயிலில் சாமியார் பெயரைக் கேட்டார். அறுந்த லைனில் பதிலுக்குக் காத்திருப்பவளைப் போல அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அமலி தோளைத் தொட்ட பிறகு ஒரு பெயர் சொன்னாள். நல்ல பெயர்தான். அவன் மனசில் இருந்தது அதுதானா என்று சொல்ல யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் மடிக்கணினியைத் திறந்ததும், அதுவரை கேட்டிராத ஒரு கேள்வியைத்தான் பெண்கள் முதலில் கேட்டார்கள். திக்கித் திணறிப் பதில் வந்தால், ஆள் இருக்கிறான் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், குழந்தைகள் நோயில்லாமல் வளரட்டும். தூரத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் குரல் எத்தனை அறுந்து வந்தாலும், அது உங்கள் ஆளின் குரலாகவே இருக்கட்டும்.