வாசலுக்கு வந்த எல்லைக்கல்

தையல்காரி நுழைந்த வேகத்தில் கதவுத் திரை ஒரு யுகம் ஆடியது.

"ஐயா, ராத்திரி இந்த நாட்டுல படுத்தேன். காலையில எழுந்தா வெளிநாட்டுக்காரி!"

ஊரார் 'சங்கிலி' என்று அழைக்கும் துப்பறிவாளர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். முன்பு நில அளவையில் சங்கிலி பிடித்தவர்; மலை நகர்ந்து வந்தாலும் வேர்க்காது.

இரு அரசுகளும் எல்லையைத் திருத்திப் புதுக் கற்கள் நட்டிருந்தன. கல்லுக்கு இந்தப் பக்கம் வீடிருந்தால் இந்நாட்டுக் குடியுரிமை. அந்தப் பக்கமென்றால் அந்நாட்டுக்காரர். தையல்காரியின் கொல்லையில் நின்ற கல் இப்போது அவள் வாசலுக்கு முன்னால் நிற்கிறது. மாலையில் அதிகாரி வந்து வீடு வீடாகப் பார்த்து முடிவு சொல்வார்.

"வெளிநாட்டுக்காரி இங்க கடை வெச்சிருக்கக் கூடாதாம். செத்துப்போன என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன தையல் கடை ஐயா. பாதி எனக்கு, பாதி கொழுந்தனுக்கு. அதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

சங்கிலியின் மைத்துனர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார். "அத்தான், இது அந்த நாட்டு உளவாளிங்க வேலை! குறைஞ்சது நாப்பது பேர்!"

"உன் கல்யாணத்துக்கே அவ்வளவு பேர் வரலையே மாப்ளே."

தையல்காரியின் கொல்லையில் ஒரு தண்ணீர்த் தொட்டி புதிதாக இழுத்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி வந்த மைத்துனரின் செருப்பு கன்னங்கரேலென்று ஆனது.

"கரி! இங்க அடுப்பு மூட்டுவீங்களா?"

"இங்க நான் எதையும் எரிச்சதே இல்லீங்க" என்றாள் தையல்காரி.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் கொழுந்தனின் தலை முளைத்தது. "கவலைப்படாதீங்க அண்ணி. சாமான் ஏத்த நானே வண்டி பிடிச்சுத் தர்றேன்."

மாலையில் அதிகாரி வந்தார். தெருவே வாசலில் கூடியது. பூனைகூட இடம் பிடித்து உட்கார்ந்தது. சங்கிலி கல்லுக்குப் பின்னால் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, அடுத்த கல்லைப் பார்த்தார்.

"அடடா! கோடு கொழுந்தன் வீட்டுக்குள்ளயும் போகுதே. தம்பி, இனிமே உங்க தலை இங்க தூங்கும், கால் வெளிநாட்டுல தூங்கும்."

"அதெப்படி? என் சுவத்துல படாமத்தானே கயிறு புடிச்சுப் பார்த்து நட்டேன்!"

தெரு மூச்சை இழுத்த இழுப்பில் கொடித்துணிகள் பறந்தன.

"கோடு உங்க வீட்டைத் தொடலை தம்பி. சும்மா சொன்னேன்" என்றார் சங்கிலி. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "எல்லைக்கல் நடும்போது குழிக்கு அடியில கரி கொட்டுவோம். கரி மக்காது, கல் போனாலும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கல்லைப் பிடுங்குனப்போ சிதறின கரிதான் என் மச்சான் செருப்புல இருக்கு. தொட்டிக்கு அடியில தோண்டுங்க, மிச்சமும் வரும். இந்தக் கல்லுக்கு அடியில வெறும் மண்தான்."

தோண்டினார்கள். அங்கே கரி, இங்கே ஒரு மண்புழு, அதுவும் எந்த நாடு என்று தெரியாமல் நெளிந்தது.

"கல்லைப் பழைய இடத்துல வைங்க. அப்புறம் என்கூட வாங்க" என்றார் அதிகாரி கொழுந்தனிடம்.

கொழுந்தன் கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, தள்ளாடியபடி கொல்லைக்கு நடந்தான். அவன் பின்னாலேயே போனாள் தையல்காரி.

"மெதுவா, கொழுந்தனாரே. கீழ போட்டுடாதீங்க. இன்னும் நாலடி வெளிநாட்டுலதான் நடக்குறோம்."