நிற்காத வளர்தண்டு

வலது செருப்பு பேருந்திலேயே கழன்றுவிட்டது. மருத்துவமனைப் படியேறும்போது, "செருப்பு எங்க மக்ளே?" என்று அப்பா டென்சிங் கேட்ட பிறகுதான் ஜெனிஷா காலைப் பார்த்தாள். மூன்று மாதமாகவே விரல்கள் மரத்துப்போயிருந்தன.

ஆறு வயதில் அவளுடைய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து நுரையீரலை நெருக்கியது. அதுவரை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதுகில் கம்பி பொருத்தி, அவர்கள் வளர வளர ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதுகைத் திறந்து மருத்துவர்கள் அதை நீட்டுவார்கள். டாக்டர் ரமணிபாய் கண்டுபிடித்த வளர்தண்டு எலும்பின் வளர்ச்சியை உணர்ந்து தானே நீளும். வளர்ச்சி நின்றால் தானும் நின்றுவிடும். அதை முதலில் பொருத்திக்கொண்டவள் ஜெனிஷா. ஓடினாள், மூச்சு முட்டாமல் பாடினாள். இப்போது பத்தொன்பது வயது. தண்டு இன்னும் நீண்டுகொண்டிருந்தது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டார். "எலும்பு நிக்கட்டும்னு தண்டு காத்திருக்கு. தண்டு இழுக்கிறதால எலும்பு வளந்துட்டே இருக்கு. நடுவுல நரம்பு இழுபடுது."

"தண்ட நிறுத்துங்க" என்றாள் ஜெனிஷா.

"நிறுத்த வழி வைக்கலம்மா. பெத்தவங்க பயந்து பாதியில நிறுத்திடக் கூடாதுன்னு, பிள்ளையோட உடம்பு மட்டுந்தான் நிறுத்தணும்னு வச்சேன்."

"வெளிய எடுத்துரலாமே?" என்றார் டென்சிங்.

"எலும்பு அதச் சுத்தி மூடிடுச்சு. முதுகெலும்பு மொத்தத்தையும் ஒண்ணா ஒட்டணும். அப்பத்தான் வளர்ச்சி நிக்கும், தண்டும் நிக்கும். ஆனா அதுக்கப்புறம் முதுக வளைக்கவே முடியாது."

"திரும்பத் திரும்ப முதுகத் திறக்க வேண்டாம்னுதான இதக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் ஜெனிஷா.

டாக்டர் திரையை அணைத்தார். தன் முதுகுக்குள் எதுவோ அந்தக் கணத்திலும் நகர்வதுபோல ஜெனிஷாவுக்குத் தோன்றியது. ஓடித் தப்பவும் இடமில்லை. போகிற இடமெல்லாம் அதுவும் வரும்.

"செய்யுங்க. எனக்கப்புறம் எத்தன பேருக்கு வச்சிருக்கீங்க?"

"மூவாயிரத்துக்கு மேல."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"உறுதியானதும் சொல்லலாம்னு..."

ஜெனிஷா எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே அளவுகோலருகே ஒரு பெண் தன் மகளை நிறுத்தி அளந்துகொண்டிருந்தாள். ஜெனிஷாவைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"நீங்கதான முதல் பிள்ளை? உங்க போட்டோவப் பாத்த தைரியத்துலதான் இவளுக்கும் வச்சோம். இந்த மாசம் மட்டும் ஏழு மில்லிமீட்டர் வளந்திருக்கா!"

ஜெனிஷா கதவை விடாமல் பிடித்தபடி உள்ளே திரும்பினாள்.

"டாக்டர், வெளிய வாங்க. இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."