மீண்டும் வருக, நிலோபர்

முதன்முறையாக உள்ளே நுழைபவரை விளையாட்டு "வருக" என்று மட்டும்தான் வரவேற்க வேண்டும். நிலோபரிடம் அது "மீண்டும் வருக, நிலோபர்" என்றது.

அந்த வரிகளை எழுதியவளே அவள்தான். லாகின் வசதியைச் சேர்த்து முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதுவரை யார் வேண்டுமானாலும் பெயரில்லாமல் ஆடிய கைப்பேசி விளையாட்டு அது. கேமராவை வீட்டுக்குள் திருப்பினால் சோபாவுக்கடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் ரத்தினங்கள் மின்னுவதாகத் திரை காட்டும். ஓடிப்போய் எடுக்க வேண்டும். இனி ஒவ்வொருவரும் கைரேகை வைத்துத்தான் உள்ளே வரமுடியும். ஒரே வீட்டில் ஆடுகிறவர்களின் தலைக்கு மேல் அவரவர் பெயர் மிதக்கும்.

வெளியே கிள்ளான் நகரம் முழுவதும் மழை. துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் இரைச்சலும், அடுக்குமாடியின் தகரச் சாய்ப்பில் விடாமல் கொட்டும் ஓசையும், உள்ளறையில் காய்ச்சலோடு தூங்கும் மகள் தஸ்லீமாவின் நெற்றியில் தடவிய தைலத்தின் வாசமும் கலந்து, மாலை நாலரை மணிக்கே வீடு இருட்டி ஈரமாகிக் கிடந்தது. கணவன் ஜைத் துறைமுக வேலைக்குப் போயிருந்தான். வர இன்னும் நேரமாகும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் இருந்த ஷாமினிக்கு போன் போட்டாள். சர்வரைக் கவனிப்பது அவள். பழைய சோதனைப் பெயர் எதையாவது அழிக்காமல் விட்டுவிட்டாயா என்று நிலோபர் கேட்டாள்.

"எல்லாத்தையும் காலையிலேயே அழிச்சிட்டேன் லா. சர்வர் காலி, அக்கா." ஷாமினி கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "இருங்க. ரெண்டு நிலோபர் காட்டுது. ரெண்டும் உங்க வீட்லதான்."

தஸ்லீமாவின் பழைய டேப்லெட்டாக இருக்கும் என்றாள் நிலோபர். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். டேப்லெட் சார்ஜ் தீர்ந்து, மேலே தூசி படிந்து கிடந்தது.

"கைரேகையும் உங்களுதுதான், அக்கா. ரெண்டுக்கும்."

மழை வலுத்தது. ஷாமினியின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு அறுந்தது. மறுபடி அழைத்தாள், போகவில்லை.

ஏதோ குளறுபடி, நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேமராவை முடுக்கினாள். திரையில் அவளுடைய ஹால். டிவி மேல் ஒரு ரத்தினம், மீன்தொட்டியருகே இன்னொன்று. மெல்லத் திரும்பினாள். சமையலறை வாசலில், வெறும் காற்றில், வெள்ளை எழுத்துகளில் ஒரு பெயர் மிதந்தது.

நிலோபர்.

கைப்பேசியைத் தாழ்த்தி வெறும் கண்ணால் பார்த்தாள். வாசல் காலியாக இருந்தது. கைப்பேசியை உயர்த்தினாள். பெயர் அங்கேயே இருந்தது. தரையிலிருந்து அவளுடைய உயரம் எவ்வளவோ, அதற்கு ஒரு விரற்கடை மேலே.

பெயர் அசைந்தது.

போன மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து நிலோபர் இடது காலைத் தாங்கித்தான் நடக்கிறாள். அந்தப் பெயரும் அப்படியே போனது. ஒருமுறை தாழ்ந்து, ஒருமுறை எழும்பி, மறுபடி தாழ்ந்து. அவளைக் கடந்தபோது வலது தோளில் ஈரக் குளிர் பட்டது. தைல வாசம். அவள் விரல்களில் இருந்த அதே தைலம்.

பெயர் உள்ளறைக்குள் நுழைந்தது.

அவள் ஓடினாள். கால் இழுத்தது. எட்டுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. "நீங்கள் வேறிடத்தில் நுழைந்துவிட்டீர்கள். இங்கிருந்து வெளியேற்றப்படுகிறீர்கள்."

கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"இந்தக் கைரேகை நிலோபருடையது அல்ல."

பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அல்ல. மறு கையின் விரல். அல்ல. கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டுக் கதவை இரண்டு கைகளாலும் தட்டினாள். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் காதுக்கே தன் குரல் கரகரப்பாக, யாருடையதோ போலக் கேட்டது.

உள்ளே கட்டில் முனகியது.

"உம்மா, வெளிய யாரு கதவைத் தட்டுறா?"

தூக்கம் கலைந்த குழந்தைக் குரல். நிலோபர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. அவளுடைய குரலில். சற்றுமுன்வரை அவளுக்கு இருந்த குரலில்.

"பயப்படாத கண்ணு. உம்மா கையைப் பிடிச்சுக்கோ. போய்ப் பார்ப்போம்."

காலடிகள். ஒன்று சின்னது. ஒன்று இழுத்து நடப்பது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

தஸ்லீமா நின்றிருந்தாள். கன்னம் காய்ச்சலில் சிவந்திருந்தது. வலது கை மேலே உயர்ந்திருந்தது. அந்தரத்தில் எதையோ இறுகப் பற்றியதுபோல் விரல்கள் மடங்கியிருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை.

நிலோபர் மண்டியிட்டாள். கைகளை நீட்டினாள். "வா புள்ள. உம்மாட்ட வா."

தஸ்லீமா அவளைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பேருந்தில் எதிர் இருக்கையில் இருப்பவரைப் பார்ப்பதுபோல. பிறகு ஓரடி பின்வாங்கினாள். இல்லாத ஒன்றின் பின்னால் ஒதுங்கி, தலையை நிமிர்த்தி, வெற்றிடத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இந்த ஆன்டி யாரு, உம்மா?"



குழந்தையின் நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்த முடிக்கற்றை தானாக எழும்பியது. மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் விலகி, அவள் காதுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது. தஸ்லீமா கண்ணை மூடி, அந்தத் தடவலுக்குள் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.