பங்களாவில் யாரோ போனை எடுக்கிறார்கள்

1988 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. மலேசியாவில் லகாட்டுக்கு அப்பாலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசிலிருந்து ஈப்போவுக்கு மோடம் வழியாக அனுப்பிய பட்டியல், மூன்றாம் முறையாக நாற்பதாவது பெயரில் அறுந்தது.

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி செல்லாயிக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. சீரான இரைச்சலுக்கு நடுவே ஒரு ‘க்ளிக்’, பிறகு திரை முழுக்கக் கிறுக்கல். அதே லைனில் இருக்கும் இன்னொரு போனை யாராவது எடுத்தால்தான் அப்படி ஆகும். அந்த இன்னொரு போன் மேட்டுப் பங்களாவில் இருந்தது. பழைய துரை செத்ததிலிருந்து பங்களா பூட்டிக் கிடக்கிறது. இன்று காலையில் அவளே போய்ப் போன் கம்பியை வெட்டிவிட்டு வந்திருந்தாள்.

தோட்டம் விற்றாகிவிட்டது. ஐந்து மணிக்குள் ஈப்போ வக்கீலிடம் போய்ச் சேரும் பெயர்களுக்குத்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு சொந்தம். நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள். பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியது, கார் போகாது.

யூனியனோடு யார் பேசினாலும் துரை பங்களாவில் போனை எடுத்து ஒட்டுக் கேட்பார் என்றும், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்த ஆளின் பெயரை மட்டும் கூப்பிடாமல் விட்டு, வேலையில்லாமல் செய்துவிடுவார் என்றும் சின்னக் கிராணி உடையப்பன் சொன்னான். அவளுக்குத் தெரியாததா? அவள் அப்பா ராமையாவுக்கு நடந்ததும் அதுதான்.

“செத்தும் ஒட்டுக் கேக்குறாருலா. பங்களாவுக்குப் போவாதீங்கக்கா.”

“நாலே முக்காலுக்கு அனுப்பு. எல்லாம் போனதும் பெரட்டு மணிய அடி. அதுவரைக்கும் அந்தப் போன நான் அமுக்கிப் பிடிச்சிக்கிறேன்.”

பங்களாவுக்குள் பூசணமும் பாச்சை உருண்டையும் நாறின. சாத்திய ஜன்னல்களுக்கு வெளியே மழை இரைய, மேசைமேல் கறுப்புப் போன், வெட்டிய கம்பி தரையில் கிடக்க, காலையில் அவள் விட்டுப்போனபடியே இருந்தது. தூசி படிந்த அந்தக் கூடத்தில் அதன் கைப்பிடியில் மட்டும் தூசி இல்லை. இரண்டு கையாலும் அதை அழுத்தினாள்.

மணி நாலே முக்கால்.

கைப்பிடி மெல்ல மேலே எழும்பப் பார்த்தது. அவள் முழு பாரத்தையும் கொடுத்தாள். எழும்புவது நின்றது. பின்கழுத்தில் ஒரு மூச்சு. அவள் திரும்பவில்லை.

“கேக்குறீங்களா துரை? இன்னிக்கு நான் பேரு கூப்பிடுறேன். நல்லாக் கேளுங்க.”

பட்டியல் அவளுக்கு மனப்பாடம். பத்துமலை. வீரம்மா. சீனி. ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நாற்பதாவது பெயர். ராமையா.

அவள் கைமேல் ஒரு கை. ஈரம். குளிர். சுண்டுவிரலை முதலில் நெம்பியது. பிறகு அடுத்த விரலை. எலும்பு சொடுக்கியது. அவள் விடவில்லை. குரலை உயர்த்தினாள். காளியம்மா. இராமசாமி. பாப்பா.

கீழே மணி அடித்தது.

செல்லாயி கையை எடுக்கப் பார்த்தாள். மேலிருந்த கை விடவில்லை.

நூற்றுப் பதினெட்டுப் பெயர்களும் 4.53க்கு ஈப்போ போய்ச் சேர்ந்தன.