முக்கால் காரட்

சனிக்கிழமை காலை. பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் மார்லிஸ் சமையலறைக்குள் நுழைந்தபோதே, இன்று ஏதோ வரப்போகிறது என்று ஆர்லீனுக்குத் தெரிந்துவிட்டது.

மார்லிஸ் அவளுடைய நாத்தனார். கணவர் ராயின் ஒரே தங்கை. கார் கொட்டகைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். சாப்பாடு, சிரிப்பு, சண்டை எல்லாம் இந்த வீட்டுச் சமையலறையில்தான்.

மேஜை முன்னால் ஆர்லீனின் மகன் கர்ட் உட்கார்ந்திருந்தான். டுலூத் நகர மின்கம்பங்களில் ஏறி வேலை பார்க்கிற ஆறடிப் பையன், நகைக்கடையில் வைர அளவு பார்க்கக் கொடுத்த காகித வட்டங்களை ஒவ்வொன்றாகத் தன் சுண்டுவிரலில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை காரட், முக்கால், ஒன்று, ஒன்றரை, இரண்டு. நாளைக் காலை ஏரிக்கரையில் வைத்து அவன் தன் காதலி பிரென்னாவைக் கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறான். மோதிரம் இன்று வாங்கியாக வேண்டும்.

"என்னடா, பொத்தான் கடை வெச்சிருக்கியா?" என்று மார்லிஸ் குனிந்து பார்த்தாள். "இதுல பெருசு எது? ரெண்டா? அப்ப ரெண்டுதான். முடிஞ்சுது, கிளம்பு!"

"அத்தை, ரெண்டு காரட்டுன்னா என் வண்டிய வித்தாகணும்."

"வித்துடு! கல்யாணம் ஒரு தடவைதான்டா... சரி சரி, என்னை விட்டுடு. மத்தவங்களுக்கு ஒரு தடவைதான்."

கர்ட் சிரித்தான். ராயும் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். அடுப்பிலிருந்து பான்கேக் தட்டை எடுத்துக்கொண்டே ஆர்லீன் மெதுவாகச் சொன்னாள்.

"முக்கால் காரட் போதும், கர்ட்."

சிரிப்பு நின்றது.

"முக்காலா?" மார்லிஸ் இடுப்பில் கை வைத்தாள். "அண்ணி, அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வர்ற மருமக. பல்லுல மாட்டின அரிசி மாதிரி ஒரு கல்லப் போடச் சொல்றீங்களே!"

"இல்ல மார்லிஸ், அவ செய்யற வேலைய யோசிச்சுப் பாரு. அவ கைய..."

"வந்துட்டாங்கப்பா வைரத்தைப் பத்திப் பேச! ஏரிக்குக் காணிக்கை போட்டவங்க!"

அந்தக் கதை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வசந்தத்தில், ஆறு ஏரியில் சேரும் இடத்தில் பொடிமீன் கழுவும்போது ஆர்லீனின் நிச்சயதார்த்த மோதிரம் நழுவி ஏரியோடு போய்விட்டது. கிறிஸ்துமஸ் தவறாமல் மார்லிஸ் எழுந்து நின்று, மீன் கழுவுவதுபோல் கையை ஆட்டி, "ஐயோ என் மோதிரம்!" என்று அலறிக் காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆர்லீனும் கூடவே சிரிப்பாள்.

ஆனால் இன்று மார்லிஸ் அதோடு நிறுத்தவில்லை.

"தன் விரல் மொட்டையா இருக்கு. வர்றவ விரல் மின்னினா எப்படித் தாங்கும்? அதான் முக்கால்!"

ஆர்லீனின் கையிலிருந்த கத்தி பான்கேக்கின் நடுவிலேயே நின்றது. அவள் மகனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள்.

கர்ட் காகித வட்டங்களைக் குவித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டான். "அம்மா... உனக்கு நிஜமாவே அப்படி ஏதும் இல்லையே?"

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது. நாத்தனார் சொன்னது பழகிப்போன வலி. இது புதுசு... பெற்ற பிள்ளை கேட்டது! "இல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணீரை மறைக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"நானும் அத்தையும் போயிட்டு வந்துடறோம்" என்று கர்ட் சாவியைத் தேடினான்.

ராய் செய்தித்தாளை மடித்தார். இரும்புத்தாது ஏற்றும் கப்பல் துறையில் நாற்பது வருஷம் உழைத்த கை, சாவியை அவனுக்கு முன்னால் எடுத்துக்கொண்டது.

"வண்டிய நான்தான் ஓட்டறேன். உங்க அம்மா ஏறினாத்தான் அது கிளம்பும்."



கடையில் வெள்ளி முடியோடு ஒரு பெண்மணி இருந்தார். மூன்று மோதிரங்களை வெல்வெட் தட்டில் வரிசையாக வைத்தார். இரண்டு காரட் கல் நான்கு கம்பிக் கால்களில் உயர்ந்து நின்று விளக்கொளியை வாரி இறைத்தது. மார்லிஸ் மூச்சை இழுத்தாள். கர்ட்டின் கண்ணும் அங்கேயே நின்றது. ஆர்லீன் வாசல் பக்கம் ஒரு நாற்காலியில், கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு என்ன வேலை பண்றாங்க?" என்று கடைக்காரப் பெண்மணி கேட்டார்.

"முதியோர் இல்லத்துல நர்ஸ்."

"விரல் அளவு?"

"நாலரை."

"ஓ, சின்ன விரல்." அந்தப் பெண்மணி இரண்டு காரட் மோதிரத்தை எடுத்துத் தன் கழுத்துத் துணியின் மேல் லேசாக இழுத்தார். கம்பிக்கால் நூலில் மாட்டி, துணியைச் சுருக்கிக்கொண்டு நின்றது. "வயசானவங்களத் தூக்கறது, திருப்பிப் படுக்க வைக்கறதெல்லாம் இந்தக் கையாலதானே? அவங்க தோல் இந்தத் துணியவிட மெல்லிசு, தம்பி. அதுவும் இவ்வளவு கனம் சின்ன விரல்ல நிக்காது, பக்கவாட்டுல சுத்திக்கும். இதப் பாருங்க."

இன்னொன்றை எடுத்தார். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு, உயரமே இல்லை. துணிமேல் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. "நாலரை விரல்ல இது பெருசாவே தெரியும்."

"இது எத்தனை காரட்?" என்றான் கர்ட்.

"முக்கால்."

கர்ட் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா... காலையில இதத்தான் சொல்ல வந்தியா?"

ஆர்லீன் தயங்கிக்கொண்டே சொன்னாள். "நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு அவ வந்தப்போ, பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கோட்டு மாட்டி விட்டா, ஞாபகம் இருக்கா? அவர் கையத் தொடறதுக்கு முன்னாடி தன் வளையலக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டா. யாரும் சொல்லல, அவளாத்தான். அப்பவே நெனச்சேன்... இவளுக்குக் கழட்டத் தேவையில்லாத ஒண்ணா வாங்கணும்னு."

கர்ட் அந்த முக்கால் காரட்டைக் கையில் எடுத்தான். மார்லிஸுக்கோ தோற்றுப்போன கோபம்.

"எல்லாம் சரி. பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவங்க மத்தவங்களுக்கு அளவு சொல்றதுதான் வேடிக்கை..."

"மார்லிஸ்!" ராயின் குரலில் கண்ணாடிப் பெட்டியே அதிர்ந்தது. "அந்த மோதிரம் ஏரிக்குப் போகல."

"ராய், வேண்டாம்!" ஆர்லீன் எழுந்து ஓடி வந்தாள். "எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க..."

"இருபத்திரண்டு வருஷம் காப்பாத்திட்டேன். இனிமே என்னால முடியாது, ஆர்லீன்." அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "ஃபார்கோவுலேர்ந்து உன் ரெண்டு வயசுப் பொண்ணு ஹைடியத் தூக்கிக்கிட்டு வந்தியே, கண்ணெல்லாம் வீங்கி. உன் புருஷன், அந்தப் படுபாவி, குழந்தைய எனக்குக் குடுன்னு கோர்ட்டுக்குப் போனானே. உனக்கு யாரு வக்கீல் வெச்சுக் குடுத்தது?"

"சர்ச்சுல... உதவி நிதின்னு..."

"சர்ச்சுல ஒரு நிதியும் கிடையாது. துறையில எனக்கு அப்ப வேலையும் இல்ல. இவ விரல்லதான் ஒண்ணு இருந்துச்சு."

கடைக்காரப் பெண்மணி சத்தமில்லாமல் உள்ளறைக்குப் போய்விட்டார்.

மார்லிஸ் எதையோ பிடிக்கக் கையை நீட்டினாள். பிடித்தது ஆர்லீனின் கோட்டுக் கையை.

"அண்ணி... என் ஹைடிக்காகவா? நான்... நான் வருஷா வருஷம் எல்லார் முன்னாடியும் ஆடிக் காட்டினேனே! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் வாயில அறைஞ்சிருக்கக் கூடாதா? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நம்ம வீட்டுல தலை நிமிர்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருப்பியா?"

"அதுக்காக, நான் சிரிச்சப்பல்லாம் நீங்களும் சிரிச்சீங்களே... எப்படி முடிஞ்சுது?"

ஆர்லீன் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஆர்லீனின் கன்னமும் நனைந்திருந்தது.

"வந்த புதுசுல ஏழு மாசம் நீ சிரிக்கவே இல்ல, மார்லிஸ். சாப்பிட்டியான்னு கேட்டாலும் பயந்துக்கிட்டுத் தலையாட்டுவ. அந்தக் கிறிஸ்துமஸ்லதான் மொதல் தடவையா எழுந்து நின்னு என் மோதிரக் கதைய ஆடிக் காட்டின. நீ சிரிச்ச! ஹைடியும் கை தட்டிச்சு. என் வைரம் போனது வீணாகலன்னு நான் அன்னைக்கே நிம்மதியாயிட்டேன். அதான் நானும் சிரிச்சேன்."

மார்லிஸ் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோலக் கதறினாள். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். கர்ட் இருவரையும் தன் நீளமான கைகளுக்குள் சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"என்னை மன்னிச்சுடும்மா. காலையில நான் கேட்ட கேள்விய..."

"நீ கேட்டது நல்லதுதான்டா. இல்லேன்னா உங்கப்பா வாயத் திறந்திருப்பாரா?" என்றாள் ஆர்லீன். அழுகைக்கு நடுவே ராய்தான் முதலில் சிரித்தார்.

விளிம்புக்குள் பதிந்த முக்கால் காரட்டையே வாங்கினார்கள். பெட்டியை மூடும் முன் மார்லிஸ் இன்னொரு தடவை பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் பிரென்னா கர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குளிரில் சிவந்த விரலில் கல் அடக்கமாக மின்னியது. நேராக ஆர்லீனிடம் வந்து கட்டிக்கொண்டாள்.

"எங்க இல்லத்துல எல்லாரும் மோதிரத்தை அலமாரியில பூட்டிட்டுத்தான் வேலைக்கு வருவாங்க. நானும் அப்படித்தான் செய்யணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இத யாரு பாத்துப் பாத்து எடுத்தது அத்தை?"

"எல்லாருமாத்தான் போனோம்மா" என்றாள் ஆர்லீன்.

மேஜையில் ஆறு பேர். மார்லிஸ் நேற்றே தொலைபேசியில் அழுது எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால், செயிண்ட் பால் நகரிலிருந்து மகள் ஹைடி விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருந்தாள். வந்ததிலிருந்து ஆர்லீன் மாமியின் பக்கத்து நாற்காலியை விட்டு அவள் நகரவில்லை.

எப்போதும் சாப்பாட்டு ஜெபம் சொல்வது ராய். இன்று அவர் கை கூப்பியதும் மார்லிஸ் தடுத்தாள்.

"அண்ணா, இன்னைக்கு நான் சொல்றேன்."

அவள் ஜெபம் சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் தலை குனிந்தார்கள்.

"ஆண்டவரே... இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. பிரென்னா எங்க வீட்டுக்கு வந்ததுக்கு நன்றி. என் பொண்ணு என்கிட்டயே வளர்ந்தா. அது உம்மோட கருணைன்னு இத்தனை வருஷமா உமக்கு மட்டும் நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன். அதுல பாதி எங்க அண்ணிக்குச் சேர வேண்டியது... எனக்குத் தெரியாமப் போச்சு... அவங்களுக்கு..."

குரல் உடைந்தது.  

ஆர்லீன் கையை நீட்டி நாத்தனாரின் கையைப் பற்றிக்கொண்டு, அவளுக்காகத் தானே சொல்லி முடித்தாள்.

"ஆமென்."