அறை காலி

அந்த அரண்மனையில் ராஜா இருந்த காலத்தைவிட, வாடகைக்கு விட்ட பிறகுதான் கூட்டம் அதிகம். தர்பார் மண்டபத்தில் கம்பெனி மீட்டிங், குதிரை லாயத்தில் பிறந்தநாள் விருந்து, ராணியின் அலங்கார அறையில் மணப்பெண்ணுக்கு மேக்கப். அத்தனைக்கும் ஒரே மேனேஜர். மனிதர் அப்படியொரு சுறுசுறுப்பு. அவர் மாடிப்படி ஏறினால், அவருடைய நிழல் அரை நிமிஷம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்.

விழா முடிந்ததும் நாற்பத்திரண்டு அறைகளையும் பார்த்து, லிஸ்ட்டில் ‘அறை காலி’ என்று டிக் போட்டுப் பூட்ட வேண்டும். மேனேஜர் எந்த அறைக்குள்ளும் கால் வைத்ததில்லை. வாசலில் நின்று “யாராவது இருக்கீங்களா?” என்பார். பதில் வருவதற்குள் டிக் விழுந்திருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் விழுந்தது.

தரை துடைக்கும் பினாயில் அக்கா அலங்கார அறையில் திரைக்குப் பின்னால் குனிந்திருந்தாள். காது கொஞ்சம் மந்தம். மறுநாள் முதல் கூரை வேலை. பன்னிரண்டு நாள் அரண்மனைக்குள் ஈ காக்கை நுழையக் கூடாது. கதவோ ராஜா காலத்துத் தேக்கு. உள்ளே யானை பிளிறினாலும் வெளியே கொசு தும்மிய மாதிரிகூடக் கேட்காது.

பதின்மூன்றாம் நாள் திறந்தார்கள். கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல்.

“திருடுறதுக்கு ஒளிஞ்சிருந்திருக்கா. நான் உள்ளே போய்ப் பாத்துட்டுத்தான் பூட்டினேன். டிக் இருக்கே!” என்றார் மேனேஜர். செத்தவளுக்குத் திருடி என்ற பட்டமும் சேர்ந்தது. அவளுடைய மகள் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாமல் ஊரைவிட்டே போனாள்.

இப்போது மேனேஜரின் ஒரே மகளுக்குக் கல்யாண வரவேற்பு, அதே அரண்மனையில்.

“சார், பொண்ணுக்கு அந்த ரூம் வேணாமே,” என்று வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான். “யாரும் துடைக்காமலே தரை ஈரமாகுது.”

“ஏன்யா, சும்மா துடைச்சுக் குடுக்குற பேயை எவன்யா வேணாம்பான்? இன்னும் ரெண்டு பேய் கிடைச்சா சொல்லு, வேலைக்கு வெச்சுக்கலாம்!”

வரவேற்பு ஜாம்ஜாமென்று நடந்து, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்தது. மறுநாளிலிருந்து மறுபடியும் கூரை வேலை. வாட்ச்மேன் கையில் லிஸ்ட்டைத் திணித்து, “எல்லா ரூமையும் பூட்டிடு. உள்ள போய் நேரத்தை வீணாக்காத, வாசல்லயே நின்னு டிக் போடு,” என்றார் மேனேஜர்.

“அப்பா, ஹேண்ட்பேக்கை மேல விட்டுட்டேன். உங்க போனும் அதுலதான் இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்,” என்று மகள் மாடியேறினாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. மேனேஜர் மாடிக்கு ஓடினார்.

அலங்கார அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. சாவி வெளிப்பக்கம் ஆணியில் தொங்கியது. வெளியே வெயிலில் கண் கூசியது; உள்ளே கனத்த திரைகள், கும்மிருட்டு.

“யாராவது இருக்கீங்களா?” என்றார், பழக்கதோஷத்தில்.

“அப்பா... உள்ள வாங்கப்பா.”

மகளின் குரல்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அறைக்குள் கால் வைத்தார். கால் வழுக்கியது. தரை ஈரம்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

சளப்... சரக். சளப்... சரக்.

திரைக்குப் பின்னால் யாரோ தரை துடைத்தார்கள். வாடை மூக்கைத் துளைத்தது.

பினாயில்.

“சார்,” என்றது வேறொரு குரல், காதோரமாக. “இன்னிக்கு உள்ள வந்து பாத்தீங்கல்ல? அன்னிக்கும் இப்படி ரெண்டு அடி வந்திருக்கலாமே.”

மேனேஜர் கதவை இழுத்தார். குத்தினார். கத்தினார். சாவித்துவாரம் வழியே பார்த்தால், வாட்ச்மேன் வருகிறான்! சாத்திய கதவின் முன் நின்றான். “யாராவது இருக்கீங்களா?” என்றான். இவர் அலறிய அலறலுக்கு மாடியே பெயர்ந்திருக்க வேண்டும்.

டிக்.

சாவி திரும்பியது. துவாரமும் இருண்டது.

கீழே, பின்படி வழியாக எப்போதோ இறங்கிவிட்ட மகள், காரில் அப்பாவுக்காகக் காத்திருந்தாள். இருட்டும்வரை தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். தோட்டம், கிணறு, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று எதையும் விடவில்லை.

“அண்ணே, மேல இன்னொரு தடவை பாருங்களேன்,” என்று அழுதாள் மகள்.

“பாத்தாச்சும்மா,” என்றான் வாட்ச்மேன். “டிக் இருக்கே.”

பதின்மூன்றாம் நாள் அலங்கார அறையைத் திறந்தார்கள். மேனேஜர் இல்லை. அவருடைய சட்டைப் பொத்தான்கூட இல்லை. தரை மட்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. கதவின் உட்புறம், பழைய கீறல்களுக்குப் பக்கத்தில், புத்தம்புதிதாக இன்னொரு வரிசைக் கீறல்.

அந்த அறையை இன்றும் வாடகைக்கு விடுகிறார்கள். இப்போதெல்லாம் வாட்ச்மேன் உள்ளே போய், திரையை விலக்கி, கட்டிலுக்கடியில் குனிந்து, அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ‘அறை காலி’ என்று டிக் போடுகிறான். அவன் கீழே இறங்கி வருவதற்குள் அந்த ஒரு டிக் மட்டும் ஈரத்தில் கரைந்து போயிருக்கும்.

காகிதத்தில் பினாயில் வாடை.